சாக்கின் எடையும் தொழிலாளியின் கழுத்தும்

(சுமைப்பணித் தொழிற்சங்க ஊழியர்களுக்கான வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



சுமை தூக்கும் தொழிலாளிக்கு இந்நாட்டின் மொழிகள் சூட்டியிருக்கும் பெயர்களைக் கவனித்தால் ஒரு செய்தி புலப்படும். மகாராஷ்டிரத்தில் அவர் மாத்தாடி. மராத்தியில் மாத்தா என்றால் தலை. இமயமலைப் பாதைகளில் யாத்திரிகர்களின் மூட்டைகளையும், சில வேளைகளில் யாத்திரிகர்களையே கூட, முதுகில் சுமந்து ஏறுகிறவர் பிட்டு. பீட் என்றால் முதுகு. ஆசிரியரை யாரும் தொண்டையர் என்று அழைப்பதில்லை. எழுத்தரை விரலர் என்று அழைப்பதில்லை. எந்த உறுப்பு தேய்கிறதோ அந்த உறுப்பையே பெயராகச் சுமக்கும் நிலை சுமைதொழிலாளிக்கு வாய்த்திருக்கிறது.

ஆனால் அந்தத் தலையும், அதைத் தாங்கும் கழுத்தும், தோளும் சங்கங்களின் கோரிக்கைப் பட்டியல்களில் இடம்பெறுவது அரிது. மூட்டைக்குக் கூலி, போனஸ், வருங்கால வைப்பு நிதி, அடையாள அட்டை, ஓய்வறை, குடிநீர் ஆகிய அனைத்தும் போராடிப் பெறவேண்டியவையே. பல இடங்களில் போராடிப் பெற்றவையே. மூட்டைக்கான கூலி குறித்துக் குறிப்பிட்ட கால இடைவெளியில் பேச்சுவார்த்தை நடக்கிறது. மூட்டையின் எடை குறித்துப் பேச்சுவார்த்தை நடந்த இடங்களோ மிகச் சில. எடை என்பது மழை வெயிலைப் போலத் தானாக அமைந்தது என்றும், கழுத்துவலி வயதோடு வருவது என்றும் தொழிலாளி நம்புகிறார். சங்க ஊழியரும் அப்படியே நம்பிவிடுகிறார். இவ்வுரை மறுக்க முனைவது இந்த நம்பிக்கையைத்தான்.

முதலில் உடலைப் பார்ப்போம். மனிதக் கழுத்தில் ஏழு முள்ளெலும்புகள் உள்ளன. மேலுள்ள இரண்டும் தலையை அசைக்கவும் திருப்பவும் அமைந்தவை. அவற்றுக்குக் கீழே ஒவ்வோர் எலும்புக்கும் இடையில் மெத்தை போன்ற ஒரு தட்டு இருக்கிறது. அந்த எலும்புகளின் நடுவே தண்டுவடம் இறங்குகிறது. பக்கங்களிலுள்ள சிறு துளைகளின் வழியே தோளுக்கும் கைக்கும் விரலுக்கும் நரம்புகள் பிரிந்து செல்கின்றன. இவ்வளவு நுட்பமான அமைப்பு வாழ்நாள் முழுதும் தாங்குவதற்கென உருவானது ஏறத்தாழ 5 கிலோ எடையுள்ள தலையை. அதன்மேல் 50 கிலோ சாக்கை ஏற்றினால் தலையின் எடையைப்போல் பத்து மடங்கு கூடுதலாக இறங்குகிறது.

அதுவும் மெதுவாக இறங்குவதில்லை. லாரி வந்து நிற்கும் காட்சியை இங்கிருக்கும் அனைவரும் அறிவீர்கள். மேலே நிற்கும் இருவர் சாக்கின் இரு முனைகளையும் பிடித்துத் தூக்க, கீழே ஒருவர் முதுகைக் காட்டித் தலை குனிந்து நிற்கிறார். பிடரிக்கும் மேல்முதுகுக்கும் இடையில் சாக்கு விழுகிறது. விழுகிறது என்பதே சரியான சொல். விழும் எடை, அசையாமல் நிற்கும் எடையைவிடப் பல மடங்கு தாக்கத்தை ஒரு கணத்தில் ஏற்படுத்தும். பின்பு கழுத்தை முன்னுக்கு நீட்டிய நிலையிலேயே அவர் நடக்கிறார். எதிரே பார்ப்பதற்காகக் கண்ணை மட்டும் மேலே உயர்த்துகிறார். சாய்வான பலகைமீது ஏறி, அடுக்கின் உச்சியில் உடலை ஒரு திருகு திருகிச் சாக்கை எறிகிறார். விழுதல், குனிதல், ஏறுதல், திருகுதல் என்று ஒரு நடைக்குள் கழுத்துக்கு நான்கு சோதனைகள். தலைக்குச் சும்மாடு இருந்தால் தோல் காயப்படாது. எலும்புக்கு அது எந்த உதவியும் செய்வதில்லை.

ஒரு கணக்குக்காக எடுத்துக்கொள்ளுங்கள். 10 டன் ஏற்றிய லாரியில் 50 கிலோ சாக்குகள் 200. பத்துப் பேர் கொண்ட குழு இறக்கினால் ஆளுக்கு 20 சாக்கு, அதாவது ஒரு டன். நாளொன்றுக்கு மூன்று லாரிகள் என்றால் மூன்று டன். ஆண்டில் 300 நாள் வேலை என்றால் 900 டன். இருபத்தைந்து ஆண்டில் 22,500 டன். ஒரு முழு சரக்கு ரயில் ஏறக்குறைய 2,600 டன் தானியம் ஏற்றும். அவ்வாறாயின் ஒரு தொழிலாளியின் கழுத்தின் வழியாக எட்டு சரக்கு ரயில்களுக்கு மேல் கடந்து போயிருக்கின்றன. ரயில் பாதைக்குப் பராமரிப்பு உண்டு. தேய்ந்த தண்டவாளத்தை மாற்றுவார்கள்.

கழுத்து தேயும்போது முதலில் அந்தத் தட்டுகள் ஈரம் வற்றி உயரம் குறைகின்றன. எலும்போடு எலும்பு நெருங்குகிறது. அந்த நெருக்கத்தைச் சமாளிக்க உடல் விளிம்புகளில் புதிய எலும்பை முள்போல் வளர்க்கிறது. அந்த முள் நரம்பு வெளியேறும் துளையை அடைக்கிறது. தொழிலாளிக்கு இது எவ்வாறு தெரிய வருகிறது? காலையில் கழுத்தைத் திருப்ப முடியாத இறுக்கம். பிடரியிலிருந்து தோள்வழியாக விரல்வரை மின்சாரம்போல் ஓடும் வலி. இரவில் கை மரத்துப்போய் விழிப்பது. தேநீர்க் கோப்பை கையிலிருந்து நழுவுவது. துளையோடு நில்லாமல் தண்டுவடமே நெருக்கப்பட்டால் நோய் வேறொரு கட்டத்தை அடைகிறது. சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் விரல்கள் தடுமாறும்; நடக்கும்போது கால்கள் விறைத்துத் தள்ளாடும்; சிறுநீரை அடக்குவது கடினமாகும். இக்கட்டத்தில் பெரும்பாலும் வலி குறைவாகவே இருக்கும் என்பதுதான் கொடுமை. வலி இல்லை என்பதால் தொழிலாளி வேலைக்குப் போகிறார். தள்ளாடுவதைக் கண்ட மேஸ்திரி அவரைக் குடிகாரர் என்று திருப்பி அனுப்புகிறார்.

தோளின் கதை சற்று வேறு. ஒரே தோளில் சுமப்பவர்களுக்குக் கழுத்தின் பக்கத்திலிருந்து கைக்கு இறங்கும் நரம்புக் கற்றை காறை எலும்பினருகே நசுங்குகிறது. தோள்பட்டை எலும்பை விலாவோடு ஒட்டி நிறுத்தும் தசைக்குச் செல்லும் நரம்பு பழுதானால், அந்த எலும்பு பறவைச் சிறகுபோல் முதுகிலிருந்து துருத்தி நிற்கும். தோளைச் சுற்றியுள்ள தசைநார்கள் நைந்து கிழிந்தால் கையைத் தலைக்குமேல் உயர்த்த முடியாது. சமையல் எரிவாயு உருளையைத் தோளில் வைத்து மாடிப்படி ஏறுகிறவர்களை நகரங்களில் நாள்தோறும் காணலாம். உள்ளே 14.2 கிலோ வாயு. இரும்பையும் சேர்த்தால் ஏறத்தாழ 30 கிலோ. அவர்களைச் சுமைதொழிலாளர் என்று எந்தப் பட்டியலும் கணக்கிடுவதில்லை.

இவையெல்லாம் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டவை அல்ல. 1968இலேயே பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் ஏட்டில் 'போர்ட்டர்ஸ் நெக்', அதாவது சுமைகூலியின் கழுத்து, என்ற தலைப்பில் ஆப்பிரிக்கச் சுமைதொழிலாளர்களைப் பற்றிய மருத்துவக் கட்டுரை வெளிவந்தது. தலைச்சுமை தூக்குவோரையும் தூக்காதோரையும் எக்ஸ்ரே எடுத்து ஒப்பிட்ட ஆய்வு சியரா லியோனில் நடந்திருக்கிறது. சுமப்போரின் கழுத்தெலும்பில் தேய்மானம் மிகக் கூடுதல் என்று அது காட்டியது. பக்கத்து நாடான வங்கதேசத்தில் ஒரு நகரத்துக் கூலித் தொழிலாளர்களிடம் கழுத்துத் தேய்மானம் குறித்து ஆய்ந்திருக்கிறார்கள். மருத்துவ அறிவு அரை நூற்றாண்டுக்கு மேலாக இருக்கிறது. அது மண்டிக்குள் நுழையவில்லை, அவ்வளவே.

ஏன் நுழையவில்லை என்ற கேள்விக்குச் சட்டத்தைப் பார்க்கவேண்டும். சாக்கு சரிந்து கால் முறிந்தால் அது விபத்து. நாள் உண்டு, நேரம் உண்டு, சாட்சி உண்டு, இழப்பீடு கேட்க வழியும் உண்டு. இருபது ஆண்டுகளில் கழுத்து தேய்ந்தால் அதற்கு நாளும் இல்லை, சாட்சியும் இல்லை. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், தொழில்சார் நோய்களுக்கென ஓர் அட்டவணை வைத்திருந்தது. ஈய நஞ்சு உண்டு, பஞ்சாலைத் தூசியால் வரும் நுரையீரல் நோய் உண்டு, சிலிக்கா உண்டு. சுமையால் தேய்ந்த கழுத்து இல்லை. இப்போது அச்சட்டம் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் கரைக்கப்பட்டுவிட்ட பின்னரும் நிலைமை மாறவில்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2010இல் திருத்திய தொழில்நோய்ப் பட்டியலில் தசை, எலும்பு நோய்களுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. இந்திய அரசின் அட்டவணைக்கு அது எட்டவில்லை.

எடை வரம்பின் கதையும் இதுவே. 1967இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, ஒருவர் சுமக்கத்தக்க அதிகபட்ச எடை குறித்த 127ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியது. அதனோடு இணைந்த பரிந்துரை, எந்த நாட்டிலேனும் வரம்பு 55 கிலோவுக்கு மேல் இருந்தால் விரைவில் அதைக் குறைக்கவேண்டும் என்று கூறியது. இந்தியா அந்த உடன்படிக்கைக்கு 2010இல்தான் ஒப்புதல் அளித்தது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்தின் 34ஆம் பிரிவு, காயம் விளைவிக்கக்கூடிய அளவு பாரத்தை எவரையும் தூக்கவைக்கக்கூடாது என்றது. எத்தனை கிலோ என்பதை மாநில விதிகளுக்கு விட்டது. கட்டுமானத் தொழிலாளர்களுக்கான 1998ஆம் ஆண்டு மத்திய விதிகள் ஆணுக்கு 55 கிலோ, பெண்ணுக்கு 30 கிலோ என்று நிர்ணயித்தன. கேரளத்தின் 1978ஆம் ஆண்டுச் சுமட்டுத் தொழிலாளர் சட்டம், நாட்டிலேயே முன்னோடியான சட்டங்களுள் ஒன்று, 75 கிலோ வரை அனுமதித்தது. பின்னர் இடது ஜனநாயக முன்னணி ஆட்சியில்தான் அதை 55 ஆகக் குறைக்கும் முடிவு எடுக்கப்பட்டது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்ட நான்கு தொகுப்புகளுள் பணிப் பாதுகாப்புத் தொகுப்பும் ஒன்று. எடை எவ்வளவு என்பதை அது தன் வாயால் சொல்லவில்லை, அரசு வெளியிடும் தரவிதிகளுக்கு ஒதுக்கிவிட்டது. ஆய்வாளர் என்ற பெயருடன் 'வசதி செய்து கொடுப்பவர்' என்ற ஒட்டையும் சேர்த்திருக்கிறது. யாருக்கு வசதி என்பது விளக்கத் தேவையில்லாதது.

55 கிலோ என்ற எண் ஏதோ உடலியல் ஆய்வில் கண்டறியப்பட்ட பாதுகாப்பான எல்லை என்று கருதுகிறவர்கள் இயக்கத்துக்குள்ளேயே உண்டு. அது பிழையான கருத்து. அமெரிக்காவின் தொழில்நல ஆய்வு நிறுவனமான நியோஷ், தூக்கும் பணிக்கு வகுத்த சூத்திரத்தில், நிலைமைகள் அனைத்தும் சிறப்பாக இருக்கும்போது எடுத்துக்கொள்ளும் தொடக்க எடை 23 கிலோ. தூரம், உயரம், திருகல், எத்தனை முறை என்று ஒவ்வொன்றாகச் சேரச் சேர அதுவும் குறையும். சிறந்த நிலைமையில் 23 எங்கே, சாய்வுப் பலகைமீது 55 எங்கே?

இன்னொரு எண்ணையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். விமானப் பயணியின் ஒரு பெட்டி 32 கிலோவுக்கு மேல் இருந்தால் விமான நிறுவனங்கள் அதை ஏற்றுக்கொள்வதில்லை. பணம் கட்டினாலும் ஏற்பதில்லை. பிரித்து இரண்டு பெட்டிகளாகக் கொண்டுவரச் சொல்வார்கள். பெட்டியைத் தூக்கும் தொழிலாளியின் உடல்நலம் கருதி உலகளவில் ஏற்கப்பட்ட வரம்பு அது. தில்லி விமான நிலையத்திலும் இதுவே விதி. அதே தில்லியின் ஆசாத்பூர் மண்டியில் பல்லேதார் தூக்கும் சாக்குக்கு இந்த விதி இல்லை. இரண்டு தொழிலாளிகளுக்கும் கழுத்தில் எலும்பு ஏழுதான்.

ஆகவே சாக்கின் எடையை யார் தீர்மானிக்கிறார்கள் என்பதே மையக் கேள்வி. ஒரு காலத்தில் தானியச் சாக்குகள் 95 கிலோ, 100 கிலோ என்று இருந்தன. சணலின் வலிமை, தராசின் வசதி, ஒரே சாக்கில் எவ்வளவு அதிகம் அடைத்தால் சாக்குச் செலவும் தையல் செலவும் எவ்வளவு மிச்சம் என்ற கணக்கு ஆகியவைதான் அந்த எடையை முடிவு செய்தன. இந்திய உணவுக் கழகத்தின் சாக்கு பின்னர் 50 கிலோவாயிற்று. சிமெண்ட் மூட்டை இங்கே 50 கிலோ. பிரிட்டனில் 25 கிலோ. சிமெண்டின் வேதியியலில் வேறுபாடு ஏதுமில்லை.

யூரியா மூட்டையின் கதை மிகவும் கற்றுக்கொடுக்கும். அது 50 கிலோவாக இருந்தது. 2018இல் மத்திய அரசு அதை 45 கிலோவாகக் குறைத்தது. பின்னர் கந்தகம் பூசிய யூரியா 40 கிலோ மூட்டையில் வந்தது. சுமப்பவரின் கழுத்தைக் கருதியா? இல்லை. விவசாயி மூட்டைக் கணக்கில்தான் உரமிடுகிறார், மூட்டை சிறுத்தால் யூரியாப் பயன்பாடு குறையும் என்பது அரசின் எண்ணம். அந்த எண்ணம் சரியா என்பது வேறு விவாதம். ஆனால் ஓர் ஆணையின் மூலம் நாடெங்கும் மூட்டையின் எடையை மாற்ற முடியும், அதனால் ஆலைகள் மூடப்பட்டுவிடாது, சாக்கு இயந்திரங்கள் நின்றுவிடாது என்பது நிரூபணமாகிவிட்டது. மானியத்தை மிச்சப்படுத்த முடிந்தது, கழுத்துக்காக முடியாது என்று இனி எந்த அதிகாரியும் சொல்வதற்கில்லை.

இங்கே ஓர் எதிர்ப்பு எழும். அது முதலாளியிடமிருந்து எழுந்தால் பதில் சொல்வது எளிது. எழுவது தொழிலாளியிடமிருந்து. "சாக்கைப் பாதியாக்கினால் நடை இரட்டிப்பாகுமே, கூலி பாதியாகுமே" என்று அவர் கேட்பார். 50 கிலோ சாக்கு வந்தபின் பல கிடங்குகளில் இரண்டு சாக்குகளை ஒருசேர முதுகிலேற்றி நடப்பதைக் காணலாம். எவரும் சவுக்கால் அடித்து அவ்வாறு செய்யவைக்கவில்லை. மூட்டைக்கூலி என்ற முறை அதைச் செய்யவைக்கிறது. மூலதனம் முதல் தொகுதியில் மார்க்ஸ் துண்டுக்கூலிக்கெனத் தனி அத்தியாயம் ஒதுக்கினார். உழைப்பைத் தீவிரப்படுத்துவது தொழிலாளியின் சொந்த நலனைப்போலத் தோற்றமளிக்கும் நிலையை அங்கே விளக்கினார். மண்டித் தொழிலாளியைவிட அதற்குச் சிறந்த சான்று கிடையாது. அவர் தன் கழுத்தைத் தானே வேகமாக விற்கிறார். விரைவாக விற்றால் மாலையில் கூடுதலாக நாலு காசு வருகிறது.

இந்த எதிர்ப்பை அறியாமை என்று ஒதுக்குவது பெருந்தவறு. அவர் சொல்வதில் பாதி உண்மை. சாக்கு பாதியாகி, சாக்குக் கூலியும் பாதியாகி, மொத்த டன் அதேயாக இருந்தால், நடை இரட்டிப்பு. கூலியில் உயர்வு இல்லை. அது மறைமுகமான கூலிவெட்டு. எனவே எடைக் குறைப்பை மட்டும் தனியே கேட்கும் சங்கம் தன் உறுப்பினரை இழக்கும். குவிண்டால் அடிப்படையில் கூலியை நிர்ணயித்து, சாக்கு சிறுக்கும்போது குவிண்டால் கூலியை உயர்த்தும்படி ஒரே கோரிக்கையாக இரண்டையும் பிணைக்கவேண்டும். மறுபாதி உண்மையை அவரிடம் எடுத்துச் சொல்லவேண்டும். மொத்த டன் ஒன்றாயினும் கழுத்துக்கு விளையும் கேடு ஒன்றல்ல. ஒரு கம்பியை வலுவாக வளைத்தால் பத்து வளைப்பில் முறியும். அதில் பாதியளவே வளைத்தால் இருபதில் முறிவதில்லை, அதைவிடப் பல மடங்கு தாங்கும். தட்டும் எலும்பும் அவ்வாறே. மேலும் 25 கிலோ மூட்டையைத் தலையில் ஏற்றவேண்டிய தேவையே இல்லை. மார்போடு அணைத்து எடுக்கலாம், தள்ளுவண்டியில் வைக்கலாம்.

இழப்பீட்டுக்கும் ஒரு வழி ஏற்கெனவே போராட்டத்தால் திறக்கப்பட்டிருக்கிறது. 1969ஆம் ஆண்டின் மகாராஷ்டிர மாத்தாடிச் சட்டம் எதைச் சாதித்தது என்பதை நினைவுகூர்வது நல்லது. மும்பையின் மசூதி பந்தர், இரும்புச் சந்தை போன்ற இடங்களில் ஒரு தொழிலாளி ஒரே நாளில் பத்து வியாபாரிகளுக்குச் சுமந்தார். யார் முதலாளி என்று கேட்டால் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் காட்டினர். அண்ணாசாகேப் பாட்டீல் தலைமையில் மும்பையில் நடந்த மாத்தாடிப் போராட்டங்களும், புனேயில் பாபா ஆடவ் 1955 முதல் கட்டிய ஹமால் பஞ்சாயத்தும் அந்தப் பின்னணியில் எழுந்தவை. சட்டத்தின் தீர்வு எளிமையானது, துணிச்சலானது. அரசு, முதலாளிகள், தொழிலாளர்கள் என்ற முத்தரப்பு வாரியத்தில் இரு பக்கத்தாரும் பதிவு செய்யவேண்டும். கூலியை வாரியத்தில் கட்டவேண்டும். அதன்மேல் ஒரு சதவீதத் தொகையைத் தீர்வையாகச் செலுத்தவேண்டும். அதிலிருந்து வைப்பு நிதி, பணிக்கொடை, போனஸ், விடுப்பு.

தேய்ந்த கழுத்தின் சிக்கலும் இதுவே அல்லவா? இருபத்தைந்து ஆண்டுகளில் அதைத் தேய்த்தவர்கள் நூறு வியாபாரிகள். எந்த ஒருவர்மீதும் வழக்குத் தொடுக்க முடியாது. ஆகவே கூட்டாகத் தேய்த்தவர்கள் கூட்டாக ஈடுசெய்யவேண்டும். தீர்வையின் ஒரு பகுதி கழுத்து, தோள், முதுகு நோய்களுக்கான இழப்பீட்டு நிதியாகவும், முன்கூட்டிய ஓய்வூதியமாகவும் ஒதுக்கப்படவேண்டும் என்பது நியாயமான கோரிக்கை. வாரியம் உள்ள மாநிலங்களில் இதைப் புதிதாகக் கேட்கலாம். வாரியமே இல்லாத மாநிலங்களில் வாரியத்துக்கான போராட்டத்தோடு சேர்த்துக் கேட்கவேண்டும்.

இயந்திரம் குறித்தும் பேசாமல் இருக்க முடியாது. மும்பைத் துறைமுகத்தில் ஒரு தலைமுறையினரின் தோள்கள் சரக்கைச் சுமந்தன. அவர்களுள் திருநெல்வேலிச் சீமையிலிருந்து சென்றவர்களும் உண்டு. சரக்குப் பெட்டகம் வந்தது. தோள் தப்பியது, வேலை போயிற்று. ரயில் நிலையத்தில் பயணிகளின் பெட்டிக்குச் சக்கரம் முளைத்தது. சிவப்புச் சட்டைக்காரரின் தலைச்சுமை குறைந்தது, வருமானமும் குறைந்தது. 2008இல் உரிமம் பெற்ற சுமைகூலிகள் பலர் பாதைப் பராமரிப்பு ஊழியராக ரயில்வேயில் சேர்க்கப்பட்டனர். அது பயனுள்ள நடவடிக்கை. 2016இல் எஞ்சியோருக்கு 'சகாயக்' என்று பெயர் மாற்றினார்கள். அதற்குச் செலவு ஒன்றுமில்லை. இந்த அனுபவங்களால் டிராலியைக் கண்டாலே ஐயுறும் மனநிலை சுமைதொழிலாளர்களிடம் இருக்கிறது. அந்த ஐயம் நியாயமானது. ஆயினும் கழுத்தைப் பலிகொடுத்து வேலையைக் காப்பது என்பதைச் சங்கத்தின் நிலைபாடாகக் கொள்ள முடியாது. தள்ளுவண்டியும், சரக்குத் தட்டைத் தூக்கும் கைவண்டியும், நகரும் பட்டையும் வரட்டும். அவற்றை இயக்குவது பதிவுபெற்ற தொழிலாளியாகவே இருக்கட்டும். குழுவின் ஆள் எண்ணிக்கை குறையாதிருக்கட்டும். குவிண்டால் கூலி அப்படியே தொடரட்டும். ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட பின்பே இயந்திரம் வாசலுக்குள் வரவேண்டும்.

இயந்திரம்கூட வேண்டாத எளிய தீர்வுகளும் உண்டு. தமிழ்நாட்டின் பழைய சாலையோரங்களில் சுமைதாங்கிக் கற்களைப் பார்த்திருப்பீர்கள். பிறர் உதவியின்றித் தலைச்சுமையை இறக்கவும், குனியாமல் மீண்டும் ஏற்றவும் ஏற்ற உயரத்தில் கிடத்திய கல். கருவுற்ற நிலையில் இறந்த பெண்களின் நினைவாக நாட்டப்பட்டவை பல. குனிந்து தூக்குவதும் குனிந்து இறக்குவதும்தான் ஆளை முறிக்கிறது என்பதை அந்தக் கல்லை நட்டவர்கள் அறிந்திருந்தார்கள். இன்றைய மண்டியிலோ லாரியின் தளம் ஓர் உயரம், கிடங்கின் தரை இன்னோர் உயரம். இரண்டையும் ஒரே மட்டத்தில் வைக்கும் மேடை ஒன்றைக் கட்டினாலே விழும் சாக்கு விழாமல் நகரும். அதற்கு விஞ்ஞானி தேவையில்லை, கொத்தனார் போதும்.

பெண்கள் குறித்துச் சங்கங்களின் பேச்சு எப்போதும் கடைசி வரியில் முடிந்துவிடுகிறது. வடவங்கத்திலும் அசாமிலும் தேயிலை பறிக்கும் பெண்ணின் கூடை நெற்றியில் கட்டிய பட்டையிலிருந்து முதுகில் தொங்குகிறது. இலை நிறைய நிறைய, கழுத்து பின்னுக்கு இழுபடாதிருக்க அவர் நாள் முழுதும் தலையை முன்னுக்கு அழுத்தியே நிற்கிறார். எடைபோடும்போது கூடையில் உள்ள இலைக்கு மட்டும் கணக்கு. செங்கற்சூளையில் ஒரு கல் ஏறத்தாழ 3 கிலோ. பத்துக் கல்லைத் தலையில் அடுக்கினாலே பெண்களுக்கான 30 கிலோ வரம்பு எட்டிவிடும். பத்தோடு எந்தச் சூளையும் நிறுத்துவதில்லை, ஏனெனில் அங்கும் கூலி கல்லின் எண்ணிக்கைக்கு. வேலை முடிந்து வீடு திரும்பினால் தண்ணீர்க் குடமும் விறகும் அதே தலைக்காகக் காத்திருக்கின்றன. ஆணின் கழுத்துக்கு இரவில் ஓய்வு உண்டு. சுமைதொழிலாளர் கணக்கெடுப்பு என்று மண்டிக்குப் போகிறவர்கள் சூளைக்கும் தோட்டத்துக்கும் கட்டுமானத் தளத்துக்கும் போவதில்லை. அதனால்தான் பெண்களுக்குக் கழுத்துவலி குறைவு என்ற பொய்யான தோற்றம் நிலைத்திருக்கிறது.

இனி கிளைகளில் உடனே செய்யக்கூடியவை. ஒவ்வொரு தொழிலாளியிடமும் சில கேள்விகளை எளிய மொழியில் கேட்டுக் குறித்துக்கொள்ள மருத்துவர் தேவையில்லை. எத்தனை ஆண்டுகளாகச் சுமக்கிறார், தலையிலா தோளிலா முதுகிலா, ஒரு சாக்கு எத்தனை கிலோ, கை மரக்கிறதா, கையைத் தலைக்குமேல் உயர்த்த முடிகிறதா, பொத்தான் போட முடிகிறதா, நடை தள்ளாடுகிறதா. கடைசி இரண்டில் ஒன்றில் கோளாறு தெரிந்தாலோ, சிறுநீர்க் கட்டுப்பாடு தளர்ந்தாலோ, அன்றே சுமை நிறுத்தப்பட்டு அரசு மருத்துவமனையின் எலும்பு அல்லது நரம்பியல் பிரிவுக்கு அவரை அழைத்துச் செல்லவேண்டும். தண்டுவடம் நசுங்கத் தொடங்கியபின் தாமதிக்கும் ஒவ்வொரு மாதமும் திரும்பக் கிடைக்காத இழப்பு. இத்தகையவரின் கழுத்தை முடிதிருத்தும் கடையில் சொடுக்கெடுக்க விடுவது ஆபத்தானது. மருந்துக்கடையில் தானே வாங்கி நாள்தோறும் விழுங்கும் வலிமாத்திரை இரைப்பையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். வெயிலில் வியர்த்து, தண்ணீர் குடிக்காமல் உழைப்பவருக்கு இன்னும் வேகமாகக் கெடுக்கும். இதை மண்டி வாசலில் கூட்டம் போட்டே சொல்லலாம்.

கூலி ஒப்பந்தம் புதுப்பிக்க வரும்போது எடைக்கெனத் தனி விதி கேட்கப்படவேண்டும். சாக்கின்மேல் எடை அச்சிடப்பட்டிருக்கவேண்டும், ஐயமிருந்தால் நிறுத்துப் பார்க்கத் தொழிலாளிக்கு உரிமை வேண்டும், இரண்டு சாக்குகளை ஒருசேர ஏற்றுவதைச் சங்கமே தடுக்கவேண்டும். 25 கிலோ என்ற இலக்கை நாடு முழுவதற்கும் ஒரே நாளில் எட்ட முடியாது; அரசே வாங்குபவராகவும் விற்பவராகவும் இருக்கும் உணவுக் கழகக் கிடங்கு, உரம், பொது விநியோகம் ஆகியவற்றில் தொடங்குவதற்கு எந்தத் தடையும் இல்லை.

ஒரு சிறு செயலை இறுதியாகக் குறிப்பிடவேண்டும். தொழிலாளியை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் தோழர், புறநோயாளிச் சீட்டில் 'தொழில்: சுமை தூக்குதல், இத்தனை ஆண்டு' என்று மருத்துவரிடம் கேட்டு எழுதவைக்கவேண்டும். இப்போது அந்தச் சீட்டுகளில் 'கழுத்துவலி' என்று மட்டுமே இருக்கிறது. சில சீட்டுகளில் 'கூலி' என்று இருக்கிறது. அந்த ஒரு வரி எழுதப்பட்ட சீட்டுகளைக் கிளை அலுவலகத்தில் நகலெடுத்து வைக்கவேண்டும். நாளை வாரியத்தின் முன்போ நீதிமன்றத்தின் முன்போ தொழில்நோய் என்று வாதாட நேர்ந்தால், காட்டுவதற்கு அவைதாம் இருக்கும்.